லூச்சா லிப்ரே ஆட்டம் அமைப்பது எப்படி? பறத்தலும் காயமும் ஒன்றையொன்று கெடுக்காமலிருக்க முழுமையான வழிகாட்டி

மெக்சிகோவின் மல்யுத்தக் காட்சியான லூச்சா லிப்ரேயில் வெற்றியும் காயமும் முன்கூட்டியே எழுதி நடிக்கப்படுபவை. அப்படி ஓர் ஆட்டம் அமைக்கப் புதிதாக உட்காருபவர்கள் ஏறக்குறைய எல்லோரும் ஒரே இடத்தில்தான் இடறுகிறார்கள். பத்து நிமிடம் ஒருவரது முழங்காலை முறுக்குகிறார்கள். அவர் நொண்டுகிறார், கயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுகிறார். அடுத்த நிமிடமே அதே காலை ஊன்றி மேல்கயிற்றுக்குத் தாவி, குட்டிக்கரணம் போட்டு வெளியே பாய்கிறார். இறங்கியதும் இரண்டு கைகளையும் உயர்த்திக் கூட்டத்தைப் பார்க்கிறார். கூட்டம் கைதட்டும். ஆனால் அந்தப் பத்து நிமிட உழைப்பும் அதோடு வீணாகிவிட்டது.

இன்னொரு வகையினர் காயத்தை மதிப்பதாக நினைத்துப் பறத்தலையே விட்டுவிடுகிறார்கள். மெக்சிகோ நகரத்தில் டிக்கெட் வாங்கி வந்தவர் ஆள் பறப்பதையும் பார்க்கத்தான் வந்திருக்கிறார். அவரை வெறுங்கையோடு அனுப்புவது நியாயமில்லை.

இரண்டையும் சேர்க்க வழி இருக்கிறது. முடிவை முதலில் தீர்மானியுங்கள், பிறகு காயத்தை, கடைசியாகப் பறத்தல்களை. பெரும்பாலோர் தங்களுக்குப் பிடித்த பறத்தல்களை முதலில் எழுதிவிட்டு, இடைவெளிகளில் காயத்தைத் திணிக்கிறார்கள். சிக்கல் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

சில சொற்களை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். விதிப்படி ஆடும் நல்லவர் டெக்னிக்கோ. பெரும்பாலும் பறப்பவர் இவர்தான். விதியை மீறும் முரடர் ரூடோ. பறந்து வருபவரைப் பிடித்து இறக்குபவரைத் தாங்குபவர் என்கிறேன். அடிபட்டதை உடலால் தெரிவிப்பது வலி காட்டுதல்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஆட்டத்தின் விதி தெரிந்திருக்க வேண்டும். ஒருவருக்கு ஒருவரா, மூவருக்கு மூவரா? மரபுப்படி மூன்று சுற்றுகளில் இரண்டை வெல்வதா, ஒரே சுற்றா? தோற்பவர் இழக்க வேண்டிய பந்தயமாக முகமூடியோ தலைமுடியோ வைக்கப்பட்டிருக்கிறதா? பந்தய ஆட்டத்தில் காயம் நீண்ட நேரம் தாங்கும். சாதாரண வெள்ளிக்கிழமை ஆட்டத்தில் அவ்வளவு தாங்காது.

இருவருடைய அசைவுப் பட்டியலும் வேண்டும். களைத்த நிலையிலும் பிசகாமல் வருபவை மட்டுமே அதில் இருக்கலாம். பயிற்சிக்கூடத்தில் காலையில் அழகாக வந்தது, பதினைந்து நிமிடம் மூச்சிரைத்த பிறகு வராது.

உண்மையில் யாருக்கு எங்கே வலிக்கிறது என்பதைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே வலிக்கும் தோளையே கதைக்கும் தேர்ந்தெடுத்தால் நடிப்பு சுலபம் என்று புதியவர்கள் நினைக்கிறார்கள். அந்தத் தோளைத்தான் எதிராளி இருபது முறை இழுக்கப் போகிறார். உண்மைக் காயம் வலப்பக்கம் இருந்தால், கதை அந்தப் பக்கமே போகக் கூடாது.

மேடையை நேரில் பாருங்கள். கயிற்றின் விறைப்பு, பலகைகளின் ஆட்டம், நான்கு மூலைக் கம்பங்கள், மேடை விளிம்பிலிருந்து முதல் வரிசைக்கு உள்ள தூரம் என எல்லாவற்றையும் பறப்பவரே கால்வைத்துச் சோதிக்க வேண்டும். ஊருக்கு ஊர் மேடை மாறும். ஓர் அரங்கில் பாய்ந்த அளவு இன்னொன்றில் ஆளை நாற்காலிகளில் கொண்டுபோய் விடும்.

மருத்துவர் எங்கே நிற்பார், தூக்குப்படுக்கை எங்கே இருக்கும், யார் தூக்குவார்கள்? இந்த மூன்றுக்கும் பதில் இல்லாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

1. உண்மை வலிக்கான குறியை முதலில் ஒத்துக்கொள்ளுங்கள்

வலி காட்டுவதில் தேர்ந்தவர்கள் இருக்கும் மேடையில்தான் உண்மையான வலி அதிகம் மறைந்துபோகும். 2015 மார்ச் 20 அன்று மெக்சிகோவின் திஹுவானாவில் நடந்த ஆட்டத்தில் பெர்ரோ அகுவாயோ ஜூனியர் என்ற ஆட்டக்காரர் கயிற்றில் சாய்ந்து அசைவற்றுப் போனார். நம் ஊர் ரசிகர்களுக்கும் நன்கு தெரிந்த ரே மிஸ்டீரியோ எதிரணியில் இருந்தார். கழுத்தில் பட்ட அடி உயிரைப் பறிக்கும் அளவுக்குப் போயிருந்தது. ஆனாலும் ஆட்டம் சிறிது நேரம் தொடர்ந்தது. 2019 மே 11 அன்று லண்டன் மேடையில் மெக்சிகோ ஆட்டக்காரர் சில்வர் கிங் விழுந்து இறந்தபோது, அதுவும் ஆட்டத்தின் ஒரு பகுதி என்றே பார்வையாளர்கள் பலர் நினைத்தார்கள்.

ஆகவே காயக் கதை எழுதும் முன் குறிகளைத் தீர்மானியுங்கள். ஒவ்வொரு பெரிய விழுகைக்குப் பிறகும் அருகில் இருப்பவர் கையை ஒருமுறை அழுத்த வேண்டும். விழுந்தவர் திருப்பி அழுத்த வேண்டும். திருப்பி அழுத்தாவிட்டால் ஆட்டம் நிற்கும். நடுவர் தலைக்கு மேல் கைகளைக் குறுக்காக உயர்த்தினால் மருத்துவர் மேடை ஏறுவார். மேடைப் பெயரை விட்டுவிட்டுச் சொந்தப் பெயரைச் சொல்லி அழைத்தால், அது நடிப்பல்ல என்று பொருள்.

இந்தக் குறிகளைக் கதைக்காக ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது. கூட்டத்தை அதிரவைப்பதற்காக நடுவரின் குறுக்குக் கைகளை நாடகமாக்கும் அமைப்பாளர்கள் இருக்கிறார்கள். அது எனக்குக் கோபமூட்டுகிறது. ஒருமுறை பொய்யாகக் காட்டிய குறியை அடுத்த முறை மருத்துவர் ஒரு நொடி தாமதித்துத்தான் நம்புவார்.

2. முடிவிலிருந்து பின்னோக்கி வாருங்கள்

யார் வெல்கிறார் என்பதோடு எந்தப் பிடியில் வெல்கிறார் என்பதையும் எழுதுங்கள். காயம் எங்கே இருக்க வேண்டும் என்பதை அந்தப் பிடிதான் சொல்லும்.

அட்லாண்டிஸ் என்ற ஆட்டக்காரரின் ‘அட்லாந்திதா’வை எடுத்துக்கொள்ளுங்கள். எதிராளியைத் தோள்களின் குறுக்கே மல்லாக்கக் கிடத்தி வில்போல வளைக்கும் பிடி அது. 2000ஆம் ஆண்டு மார்ச்சில் மூன்றாம் வில்லானோ என்ற எதிராளியின் முகமூடியைப் பறித்த பிடியும் அதுதான். இந்தப் பிடியில் முடிப்பதென்றால் இரண்டு வழிகள் திறக்கின்றன. எதிராளியின் முதுகை முன்பே பதம் பார்க்கலாம். அப்போது அவர் சீக்கிரம் பணிவதற்குக் காரணம் இருக்கும். அல்லது தூக்குபவரின் முழங்காலை ரூடோ கெடுக்கலாம். தூக்க முடியுமா என்ற கேள்வியே ஆட்டமாகிவிடும்.

எல் சாந்தோ புகழ்பெறச் செய்த, முதுகில் அமர்ந்து முகவாயைப் பின்னிழுக்கும் ‘குதிரையேற்றப் பிடி’யும் முதுகையே கேட்கும். மிஸ்டிகோவின் சுழன்று இறங்கிப் போடும் பூட்டு கையைக் கேட்கும். நெக்ரோ காசாஸின் காசிதா போல ஆளைச் சுருட்டித் தோளை அழுத்தும் முடிவு உடலின் எந்தப் பகுதியையும் கேட்பதில்லை. அடிபட்டவர் திடீரென வெல்ல வேண்டிய இடத்தில் அது பொன்னானது.

3. உடலின் ஒரே ஒரு பகுதியைத் தேர்ந்தெடுங்கள்

இந்தப் படிக்கு நேரம் கொடுங்கள். இங்கே சரியாகத் தேர்ந்தால் பாதிச் சிக்கல் எழவே எழாது.

பறப்பவருக்கு என் முதல் தேர்வு எப்போதும் விலா. விலா அடிபட்டவர் ஓடலாம், தாவலாம், கயிறு ஏறலாம். எதுவும் பொய்யாகத் தோன்றாது. ஆனால் மார்பு முன்னே வர எதிராளி மீது பாயும் பிளாஞ்சாவில், இறங்கும் அதிர்ச்சி அவருடைய விலாவிலேயே வாங்கப்படுகிறது. பறப்பதே விலை கொடுப்பதாகிவிடும். பாய்ந்த பிறகு உடனே எதிராளியை அழுத்த முடியாமல் இரண்டு மூச்சு தாமதிப்பார்; அதனால் நடுவர் மூன்று எண்ணி முடிப்பதற்குள், இரண்டாவது எண்ணிக்கையில் எதிராளி தப்புவார். நூலிழையில் தப்பியதற்கு இப்படி ஒரு காரணம் கிடைத்துவிட்டால், அதற்காகத் தனியாக எதுவும் கட்ட வேண்டியதில்லை.

அடுத்தது தோள். கால்கள் சரியாக இருப்பதால் ஓட்டமும் பாய்ச்சலும் மாறாது. மூலைக் கம்பம் ஏறும்போது ஒரு கை மட்டும் வேலை செய்யும். அந்த ஏற்றம் மெதுவாகும். அந்த மெதுவில் எதிராளி எழுந்துவிடுவாரோ என்ற பதற்றம் பிறக்கும்.

முழங்கால்தான் எல்லோரும் முதலில் எடுப்பது. கடினமானதும் அதுதான். ஒவ்வொரு அடியிலும் நினைவு வைத்திருக்க வேண்டும்; மற்றக் காலால் உந்தப் பழகியிருக்க வேண்டும். பல ஆண்டு ஆடியவர்களுக்கு விடுங்கள்.

முதுகு, அடிவாங்கும் ரூடோவுக்குப் பொருந்தும். ஆனால் அவரே பறப்பவரைத் தாங்க வேண்டியவராக இருந்தால் முரண்படும். இதை ஆறாவது படியில் விரிவாகச் சொல்கிறேன்.

கழுத்து, தலை, மயக்கம் ஆகிய மூன்றையும் கதைக்கு எடுக்கவே வேண்டாம். தலையில் அடிபட்டவர் தள்ளாடுவதும், தள்ளாடுவதாக நடிப்பவர் தள்ளாடுவதும் ஒன்றுபோலவே இருக்கும். முதல் படியில் வைத்த குறிகள் எல்லாம் அங்கே பயனற்றுப்போகும்.

பக்கத்தையும் எழுதி வையுங்கள். மெக்சிகோவில் வழக்கமாக வலக்கை, வலக்கால் மீதுதான் பிடிகள் போடப்படும். அமெரிக்காவிலும் ஜப்பானிலும் இடப்பக்கம். வெளியூரில் பழகியவரும் மெக்சிகோவில் பழகியவரும் ஒரே மேடையில் நின்றால், பாதி ஆட்டத்தில் காயம் பக்கம் மாறிவிடும். மூன்றாவது வரிசையில் இருக்கும் பாட்டிகூட அதைக் கண்டுபிடித்துக் கத்துவார். மெக்சிகோ அரங்கங்களில் அந்தப் பாட்டிகளை ஏமாற்ற முடியாது.

4. பெரிய பறத்தல்கள் மூன்று போதும்

கைச் சுழற்றல்கள், கத்தரிப் பிடிகள் போன்ற சிறியவற்றை இதில் சேர்க்காதீர்கள். மேடைக்கு வெளியே பாய்வது, மூலைக் கம்பத்தின் மேலிருந்து குதிப்பது போன்றவை மட்டும்.

முதலாவது முழுமையானது. காயத்துக்கு முன்பே வர வேண்டும். இவர் நலமாக இருக்கும்போது எப்படிப் பறப்பார் என்று கூட்டம் பார்த்திருந்தால்தான், பிறகு எது குறைந்தது என்று தெரியும். புதியவர்கள் நல்லதைக் கடைசிக்குப் பதுக்கி வைக்கிறார்கள். அதனால் ஒப்பிட எதுவும் இல்லாமல் போகிறது.

இரண்டாவது உடைந்தது. ஓடி வருகிறார், கயிற்றருகே நின்றுவிடுகிறார். அல்லது பாய்கிறார், எதிராளி விலக, அடிபட்ட இடத்தின் மீதே விழுகிறார். நிற்பதுதான் பாதுகாப்பானது, எனக்குப் பிடித்ததும் அதுதான்.

மூன்றாவது, முதலாவதே மீண்டும் வருவது. ஆனால் விலை கொடுத்து வருவது. கயிறுகளின் ஊடாகத் தலையும் தோளும் முன்னே வரப் பாயும் தோபேயை எடுத்துக்கொண்டு, வலது விலா அடிபட்டதாக வைத்துப் பார்ப்போம்.

முதல் தடவை அவர் எதிர்ப்புறக் கயிற்றில் முதுகு மோதித் திரும்பி, முழு வேகத்தில் இரண்டாம், மூன்றாம் கயிறுகளுக்கு நடுவே பாய்ந்தார். மோதியதும் உருண்டு எழுந்தார். மூன்றாவது பறத்தலில், ஓடத் தொடங்கும் முன் வலது முழங்கை விலாவோடு ஒட்டியிருக்கிறது. கயிற்றில் முதுகுக்குப் பதில் இடது தோள் மோதுகிறது. அடுத்து ஓட்டம், பாய்ச்சல், மோதல். இவற்றில் மாற்றம் இல்லை. இறங்கிய பிறகு அவர் உருளவில்லை. இடப்பக்கம் சரிந்து, முழங்கால்களை மார்புக்கு இழுத்துக்கொண்டு கிடக்கிறார். முதலில் அசைவது எதிராளி. பாய்ந்தவரைவிடப் பாய்ச்சலை வாங்கியவர் முன்னதாக அசைந்தால், அந்தப் பறத்தல் எவ்வளவுக்கு வாங்கப்பட்டது என்று அரங்கம் முழுவதும் புரிந்துவிடும்.

மீறக் கூடாத விதி ஒன்று: காற்றில் வலி காட்டக் கூடாது. ஓட்டத்துக்கு முன்பும் இறங்கிய பின்பும் எவ்வளவு வேண்டுமானாலும் காட்டலாம். கால் தரையை விடும் கணத்தில் வேகத்தையோ உடல் கோணத்தையோ நடிப்புக்காக மாற்றினால், தாங்குபவர் எதிர்பார்த்த இடத்தில் உடல் வந்து சேராது.

5. மூன்று சுற்றுகளிலும் காயத்தைப் பரப்புங்கள்

முதல் சுற்றை ரூடோ எடுப்பதும், இரண்டாவதை டெக்னிக்கோ எடுப்பதும், மூன்றாவதில் தீர்வதும் பழகிய அமைப்பு. நமக்கு அது நன்றாக உதவுகிறது.

முதல் சுற்றின் முற்பகுதியில் முழுமையான பறத்தல் நடக்கட்டும். சுற்று முடியும் தறுவாயில் காயம் ஏற்படட்டும். அந்தக் காயத்தாலேயே டெக்னிக்கோ சுற்றை இழக்கட்டும். இப்போது காயம் ஒரு சுற்றின் விலை பெற்றுவிட்டது. கூட்டம் அதை மறக்காது.

சுற்றுகளுக்கு இடையிலான இடைவேளையை வீணாக்காதீர்கள். துணையாளர் வந்து விலாவைத் தொட்டுப் பார்ப்பது, ஆட்டக்காரர் அவர் கையைத் தட்டிவிடுவது ஆகிய இரண்டும் பத்து அடிகளுக்குச் சமம். புதியவர்கள் இந்த நேரத்தில் தண்ணீர் குடித்துக்கொண்டு சாதாரணமாக நிற்கிறார்கள்.

இரண்டாவது சுற்று குறுகியதாக இருக்கட்டும். ரூடோ ஒரே இடத்தைக் குறிவைக்கிறார். உடைந்த பறத்தல் இங்கே வரும். பிறகு ரூடோ அலட்சியமாக நெருங்கும் ஒரு கணத்தில் டெக்னிக்கோ அவரைச் சுருட்டி வெல்கிறார். பலத்தால் வென்றால் காயம் பொய்யாகிவிடும். சமயோசிதத்தால் வென்றால் அது அப்படியே இருக்கும்.

காயத்தை மூன்றாவது சுற்றில்தான் தொடங்குவது அடிக்கடி நடக்கும் பிழை. அப்போது அது வேர்விட நேரமே இல்லை.

6. தாங்குபவரைக் காப்பாற்றுங்கள்

பறத்தலின் அழகு பறப்பவருடையதாகத் தோன்றும். அது பெரும்பாலும் கீழே நிற்பவருடைய கைகளில்தான் இருக்கிறது. நல்ல தாங்குபவர்களுக்கு மெக்சிகோவின் ஆட்டக்காரர்களிடையே பெரிய மதிப்பு உண்டு. ரசிகர்களும் அவர்களை இன்னும் அதிகம் கொண்டாட வேண்டும் என்பது என் ஆசை.

ரூடோவின் முதுகையோ கையையோ காயமாக எழுதிவிட்டு, அவரே பாய்ந்து வருபவரை இரு கைகளாலும் ஏந்த வேண்டும் என்று அமைத்தால், அவர் எதைத் தேர்ந்தெடுப்பார்? கதைக்கு உண்மையாக இருந்தால் பறப்பவர் சிமெண்டில் விழுவார். பறப்பவரைப் பிடித்தால் கதை கிழியும். அந்த இக்கட்டில் யாரையும் நிறுத்தாதீர்கள். தாங்குபவரின் கை, தோள், முதுகு மூன்றும் ஆட்டம் முழுவதும் நலமாக இருக்கட்டும். அவருக்கும் காயம் வேண்டுமென்றால், கடைசிப் பறத்தல் முடிந்த பிறகு தொடங்குங்கள்.

சந்தேகம் வந்தால் கதையை விட்டுவிட்டு ஆளைப் பிடிக்க வேண்டும். இதைத் தாங்குபவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் சிலர் தயங்குவார்கள்.

7. முகமூடிக்குள் இருக்கும் முகத்தை நம்பாதீர்கள்

பாதிப் பேருக்கு முகமே தெரியாது. முகத்தைச் சுளித்து, பல்லைக் கடித்து நடிப்பதெல்லாம் துணிக்குள்ளேயே முடிந்துவிடும். அரேனா மெக்சிகோவில் 16,000க்கும் மேற்பட்டோர் அமரலாம். கடைசி வரிசைக்குச் சேர்வது உடலின் வடிவம் மட்டுமே.

எனவே வலிக்குத் தூரத்திலிருந்து தெரியும் மூன்று அடையாளங்களைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். விலா என்றால் ஒட்டிய முழங்கை, ஒருபக்கம் சாய்ந்த தோள், எழும்போது முதலில் ஊன்றும் இடது கை. மூன்றும் ஆட்டம் முடியும் வரை மாறக் கூடாது. ஒவ்வொரு முறையும் புதிதாக எதையாவது கண்டுபிடித்தால், ஒரு காயம் ஐந்து காயமாகத் தெரியும்.

தரையில் உருண்டு அலறுவதைக் குறையுங்கள். வலியை மறைக்க முயல்பவர்தான் நம்பவைக்கிறார்.

8. மூவர் ஆட்டத்தில் செய்ய வேண்டிய மாற்றம்

இங்கே ஒருவர் மேடையை விட்டு வெளியேறினாலே, கையைத் தொடாமல் அணியின் அடுத்தவர் உள்ளே வரலாம். அதனால் அடிபட்டவர் வெளியே சென்று நீண்ட நேரம் சிகிச்சை பெறுவதாகக் காட்டலாம். பறத்தலை மற்ற இருவரும் பார்த்துக்கொள்வார்கள். அவர் திரும்பி வரும்போது ஒரே ஒரு பாய்ச்சல் போதும்.

அணித்தலைவரை வீழ்த்தினால், அல்லது மற்ற இருவரையும் வீழ்த்தினால், சுற்று முடியும். காயம் அணித்தலைவருக்கு என்றால் பதற்றம் தானாகவே கூடும். ஒரே ஆட்டத்தில் இருவருக்குக் காயம் வைக்காதீர்கள். கூட்டத்தின் கண் யார் பின்னால் போவது என்று தெரியாமல் அலையும்.

9. ஒத்திகை

முதலில் பறத்தலே இல்லாமல் நடந்து பாருங்கள். பாயும் இடங்களில் நின்று, “இங்கே தோபே” என்று வாயால் சொல்லிவிட்டு, அதற்கு முன்னும் பின்னும் வரும் வலியை மட்டும் செய்யுங்கள். கதை நிற்கிறதா என்று அப்போது தெரியும்.

பிறகு பறத்தல்களைத் தனியாக, எந்த நடிப்பும் இல்லாமல், மெத்தை விரித்துப் பழகுங்கள். கடைசியில்தான் இரண்டையும் சேர்க்க வேண்டும். தொடக்கத்திலிருந்தே சேர்த்துப் பழகினால், காற்றில் வலி காட்டும் பழக்கம் உடலில் ஒட்டிக்கொள்ளும். பிறகு அதைக் கழற்றுவது பெரும்பாடு.

பறத்தல் மேடையில் பிசகினால் அதையே திரும்பச் செய்யாதீர்கள். கால் நழுவியதா? நழுவியது காயத்தால்தான் என்று உடல் சொல்லட்டும். அங்கிருந்து மேலே போங்கள். விலாவைப் பிடித்தபடி எழுந்தாலே போதும், பிழை கதைக்குள் போய்விடும். ஆனால் முதலில் கையை அழுத்திப் பாருங்கள்.

10. மணி அடித்த பிறகும், அடுத்த வாரமும்

வென்றவர் துள்ளிக் குதித்தால் எல்லாம் போயிற்று. நடுவர் வலக்கையை உயர்த்தும்போது அதைப் பாதியில் கீழே இழுத்துக்கொள்ள வேண்டும். இடக்கையைக் கொடுக்க வேண்டும். மேடையிலிருந்து இறங்கும்போது குதிக்காமல், கயிற்றைப் பிடித்து ஒவ்வொரு காலாக இறங்க வேண்டும். உடைமாற்றும் அறைக்கு நடக்கும் தூரமும் ஆட்டத்தில் சேர்ந்ததே.

பெரிய பகை ஒன்றைத் தொடங்க வேண்டுமென்றால் மார்த்தினேத்தே இருக்கிறது. எதிராளியைத் தலைகீழாகப் பிடித்துத் தரையில் இறக்கும் இந்த அசைவு மெக்சிகோவில் தடைசெய்யப்பட்டது. செய்தவர் தகுதி இழப்பார், வாங்கியவர் கழுத்துப் பட்டையோடு தூக்குப்படுக்கையில் போவார். இதற்கு மட்டும் மூன்றாம் படியில் சொன்ன கழுத்துத் தடையைத் தளர்த்துவேன். அங்கேயே ஆட்டம் முடிந்துவிடுவதாலும், மருத்துவர் உடனே மேடை ஏறிவிடுவதாலும்தான். பல மாதங்களுக்கு ஒருமுறைக்கு மேல் வேண்டாம். மாதந்தோறும் நடந்தால் தூக்குப்படுக்கையைப் பார்த்து யாரும் எழுந்து நிற்க மாட்டார்கள்.

அடுத்த வாரம் அதே ஆட்டக்காரர் வந்தால், அதே பக்கத்தில், எல்லோருக்கும் தெரியும்படி கட்டுப் போட்டு வரட்டும். பெரிய பறத்தல் ஒன்று மட்டும் வைத்துக்கொள்ளட்டும். அதற்கடுத்த வாரம் கட்டு மெலியட்டும், பறத்தல் இரண்டாகட்டும். கட்டை உடைமாற்றும் அறையில் அவிழ்த்துவிட்டு வராதீர்கள். மேடையில், எதிராளியின் கண்ணெதிரே அவிழுங்கள். முழுமையான முதல் பறத்தலை அதற்கு அடுத்த நிமிடமே வையுங்கள்.